பெதும்பைக்கு என்ன பரிசு?

என் பேத்திக்கு வருகிற கார்த்திகையில் பதினொரு வயது நிறைகிறது. ஐப்பசி பிறந்த அன்றைக்கே, "தாத்தா, என் பர்த்டேக்கு என்ன வாங்கித் தரப் போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். போன வருடம் வரை இந்தக் கேள்விக்குப் பதில் சுலபமாக இருந்தது. பொம்மை என்றால் பொம்மை, கலர் பென்சில் என்றால் கலர் பென்சில். இந்த வருடம் நான் பொம்மை என்று வாயெடுத்ததும் அவள் ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருடச் சர்க்கார் உத்தியோகத்தில் எந்த மேலதிகாரியும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

சரி என்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, காரவள்ளி தாண்டி நாமக்கல்லுக்குப் போனேன். கடைப் பையன், "எத்தனை வயசுக்கு சார்?" என்றான். சொன்னேன். கீழ்த்தட்டில் பொம்மை, சொப்பு, காற்றடைத்த யானை. மேல்தட்டில் கைக்கடிகாரம், காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் கருவி, வாசனைத் தைலம். அவன் கை கீழே போய், மேலே போய், நடுவில் நின்றுவிட்டது. நடுவில் வெறும் பலகைதான் இருந்தது. "இந்த வயசுக்குத்தான் சார் கஷ்டம்" என்றான். ஒன்றும் வாங்காமல் மலையேறிவிட்டேன். பேருந்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டு வந்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

கடைக்காரனுக்குத்தான் அந்த வயதுக்குத் தட்டு இல்லை. தமிழில் அதற்குத் தனியாக ஒரு பெயரே இருக்கிறது. உலா இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரியும். வீதியில் தலைவன் பவனி வரும்போது பார்க்கிற பெண்களை ஏழு பருவமாகப் பிரிப்பார்கள். ஐந்து முதல் ஏழு வயது பேதை. எட்டு முதல் பதினொன்று பெதும்பை. பன்னிரண்டும் பதின்மூன்றும் மங்கை. அதற்கு மேல் மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று நாற்பதில் முடித்துவிடுவார்கள். (நாற்பதுக்கு மேல் பெண்ணே கிடையாது என்பது அந்தக் காலத்துப் புலவர்களின் கணக்கு. என் மனைவி இருந்தபோது இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.) ஆண் பிள்ளைகளுக்கும் பாலன், மீளி, மறவோன் என்று பாட்டியல் நூல்கள் பருவம் வகுத்திருக்கின்றன. பேதைக்கு ஒன்றும் தெரியாது, மங்கைக்கு எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்தும் தெரியாமலும் நிற்கிறவள் பெதும்பை. எங்கள் வீட்டில் இருப்பது அதுதான்.

குழந்தைகளுக்கு என்ன கொடுப்பது என்பதில் நம் முன்னோர் சளைத்தவர்களாக இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குச் சிறுபறையும் சிறுதேரும், பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும் வைத்திருக்கிறார்கள். பெண்கள் மணலில் சிற்றில் கட்டுவார்கள், பையன்கள் வந்து காலால் அழிப்பார்கள். இதற்கும் ஒரு பருவம் ஒதுக்கிப் பத்துப் பாட்டுப் பாடியிருக்கிறார்கள். சங்ககாலப் பெண்பிள்ளைகள் ஈர மணலில் வண்டற்பாவை செய்தார்கள். பாவை என்றதும் நம் மலையின் கொல்லிப் பாவை நினைவுக்கு வரும். சிரித்தே ஆளைக் கொல்லுகிற பாவை அது. யார் பிறந்தநாளுக்கும் உகந்ததல்ல.

ஆனால் இதில் எதுவும் பிறந்தநாளுக்கென்று கொடுத்ததாக இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது. பழந்தமிழில் பிறந்தநாள் அரசனுக்கு உரியது. தொல்காப்பியம் அதைப் பெருமங்கலம் என்கிறது. அரசன் அன்று வெள்ளணி அணிவான், பகையையும் கோபத்தையும் விலக்கிவைப்பான், சிறைப்பட்டவர்களை விடுவிப்பான், வந்தவர்க்கெல்லாம் கொடுப்பான். அதாவது பிறந்தநாள்காரன் வாங்குகிறவன் இல்லை, கொடுக்கிறவன். ராஜராஜன் ஐப்பசிச் சதயத்தில் பிறந்தான் என்பதால் அந்த நட்சத்திரத்தில் கோயிலில் விழா நடக்க நிவந்தம் ஏற்பட்டது. தஞ்சையில் இன்றும் சதய விழா நடக்கிறது. டில்லியில் மொகலாயர்கள் பிறந்தநாளில் தராசில் உட்கார்ந்து, தம் எடைக்கு எடை பொன்னும் வெள்ளியும் நிறுத்துத் தானம் செய்தார்கள். ஜஹாங்கீர் அப்படித் தராசில் உட்கார்ந்ததை ஆங்கிலேயத் தூதர் தாமஸ் ரோ நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்.

நம் வீடுகளிலும் கொஞ்சம் அப்படித்தான். பிறந்த நட்சத்திரத்தன்று தலைக்கு எண்ணெய், கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம், தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய். பிள்ளை தட்டை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வரும். யாரும் திருப்பி ஒன்றும் கொடுத்ததில்லை. ஆசீர்வாதம் செய்து நாலணா கொடுத்தால் பெரிது.

புதுச்சேரியில் நான் படித்த பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சில். அங்கே ஒரு நாள் ஆசிரியை ஒவ்வொருவராக எழுப்பி, "உன் ஆனிவெர்செர் எப்போது?" என்று கேட்டார். நான் எழுந்து "பூரட்டாதி" என்றேன். அவர் அதை ஒரு மாதத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டார். உண்மையில் அந்த அம்மாளுடைய ஊரிலேயே பிறந்தநாள் அவ்வளவு பழைய சமாசாரம் இல்லை. கத்தோலிக்க வீடுகளில் நெடுங்காலம் முக்கியமாக இருந்தது ஃபெத், அதாவது ஒருவர் பெயர் தாங்கிய புனிதரின் திருநாள். ழோசேப் என்று பெயர் வைத்தால் மார்ச் 19ஆம் தேதி வாழ்த்துச் சொல்வார்கள், அவர் எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் சரி. புதுச்சேரிக் கிறிஸ்தவ நண்பர்களின் வீடுகளில் நான் கேக் சாப்பிட்டது அந்தத் திருநாள்களில்தான். ழான் குளோத் ஷ்மித் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிறந்தநாள் கொண்டாட்டம் எப்படி உண்டாயிற்று என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். இடைக்கால ஐரோப்பாவில் பிறந்த நாளைவிட இறந்த நாளுக்குத்தான் மதிப்பு என்பது அவர் சொல்வது. நமக்குத் திவசத் திதி தப்பாமல் நினைவிருப்பதுபோல.

பிறந்தநாள் என்ற ஒன்று வேண்டுமானால் முதலில் ஒரு பதிவேடு வேண்டும். இதை ஒரு குமாஸ்தா சொன்னால் நம்பலாம். பிரெஞ்சுக்காரர்கள் எத்தா சிவீல் என்று ஒரு பெரிய புத்தகம் வைத்துப் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் எழுதினார்கள். அதனால் எனக்குப் பூரட்டாதியோடு ஒரு தேதியும் இருந்தது. உத்தியோகத்தில் சேர்ந்து சர்வீஸ் ரிஜிஸ்தர் பார்க்கிற வேலை வந்தபோது ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். மற்றப் பகுதிகளிலிருந்து வந்த ஊழியர்களில் ஏராளமானவர்கள் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருந்தார்கள். வேறொன்றுமில்லை, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். ஹெட்மாஸ்டர் பையனின் கையைத் தலைக்கு மேலாகப் போட்டுக் காதைத் தொடச் சொல்லி, எட்டினால் ஐந்து வயது என்று முடிவு செய்து, கணக்குச் சரியாக வரும்படி ஒரு தேதியை எழுதிவிடுவார். அந்தத் தேதியை வைத்துத்தான் அவர் ஓய்வு பெறுவார். நாடு முழுமைக்கும் ஒரே சீரான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது.

நம் மலையில் கேட்கவே வேண்டாம். எங்கள் திண்ணனூர் நாட்டில் என்னைவிட மூத்த ஒருவர் மாலையில் வந்து என்னோடு உட்கார்ந்து பேசுவார். "நீங்க எப்போ பிறந்தீங்க?" என்று கேட்டேன். "பலா நெறயக் காச்ச வருசம்னு எங்க ஆயா சொல்லும்" என்றார். "எந்த வருடம்?" என்றால், "அதான் சொல்றேனே" என்கிறார். அவருடைய கொள்ளுப்பேரனுக்குப் போன மாதம் செம்மேட்டிலிருந்து கேக் வாங்கி வந்து மெழுகுவர்த்தி ஊதினார்கள். பெரியவர் நன்றாகத்தான் கை தட்டினார். பிறகு என்னிடம் வந்து, "வெளக்க எதுக்குங்க ஊதி அணைக்கறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

என் பாட்டிக்குப் பதினொரு வயதில் ஒரு பரிசு வந்தது. கூறைப் புடவை. சீர்வரிசைத் தட்டில் வழக்கப்படி மரப்பாச்சி ஜோடி ஒன்றும் இருந்தது. ராஜா ராணி என்று செஞ்சந்தனக் கட்டையில் செய்த பொம்மைகள். மணப்பெண்ணுக்கு அது மங்கலத்துக்காக வைப்பது. பாட்டி அதை எடுத்துவைத்து நிஜமாகவே விளையாடினாள். புகுந்த வீட்டில் மாமியார் கூப்பிட்டால் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டு ஓடுவாளாம். இதைச் சிரித்துக்கொண்டுதான் எங்களுக்குச் சொல்வாள். எனக்குப் பத்து வயதில் கேட்டபோது நானும் சிரித்தேன். என் பேத்தியை வைத்துக்கொண்டு இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

பெதும்பைப் பருவத்துப் பெண்ணுக்கு வெகுகாலம் நம் நாட்டில் கிடைத்துவந்த பெரிய பரிசு அதுதான். தாய்மாமன் சீர் என்பதும் அவள் சடங்காகிற நாளை எண்ணிக்கொண்டுதான் சேர்ந்தது. 1929இல் ஹர் பிலாஸ் சாரதா கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு நிறையாமல் கல்யாணம் கூடாது. 1930 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வரும் என்றார்கள். நடுவில் கிடைத்த அந்த ஆறு மாதத்தில் நாடெங்கும் அவசர அவசரமாகக் கல்யாணங்கள் நடந்தன. அதற்குப் பிறகும் வழி இருந்தது. அது பிரிட்டிஷ் இந்தியச் சட்டம், பிரெஞ்சு மண்ணில் செல்லாது. ஆகவே அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சின்னப் பெண்களை அழைத்துக்கொண்டு எங்கள் புதுச்சேரிப் பக்கம் வந்து முகூர்த்தம் முடித்துப் போனதுண்டு. ஊருக்கு ஒரு பெருமை!

அதே 1930இல், அலகாபாத்தை அடுத்த நைனி மத்தியச் சிறையில் இருந்த ஒரு தகப்பனாருக்கும் என்னைப் போலவே கவலை. மகளுக்குப் பதின்மூன்றாம் பிறந்தநாள், கையில் கொடுக்க ஒன்றுமில்லை. ஜவாஹர்லால் நேரு உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதாகி, அக்டோபர் 11ஆம் தேதி விடுதலையாகி, 19ஆம் தேதி மறுபடி கைதானார். வெளியே இருந்தது எட்டே நாள். 26ஆம் தேதி இந்திராவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்திரா பிறந்தது 1917 நவம்பர் 19. பிறகு ஏன் அக்டோபர் 26? அந்த வீட்டிலும் நம்மைப் போலவே இரண்டு கணக்கு இருந்திருக்கிறது. விக்கிரம சகாப்தக் கணக்குப்படி அந்த வருடம் பிறந்தநாள் அக்டோபர் 26இல் வந்தது. கேம்பிரிட்ஜில் படித்தவர் வீட்டிலும் திதிதான் முந்திக்கொண்டது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அந்தக் கடிதத்தில் அவர் சொல்வதன் சாரம் இதுதான்: சிறையிலிருந்து கையால் தொடக்கூடிய பொருள் எதையும் அனுப்ப முடியாது, மதில் சுவர் தடுக்க முடியாத எண்ணங்களை வேண்டுமானால் அனுப்பலாம். பிறகு உபதேசம் செய்வது தனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டு, எல்லாத் தகப்பன்மாரையும்போலக் கொஞ்சம் உபதேசமும் செய்கிறார். யுவான் சுவாங் காலத்துக் கதை ஒன்றைச் சொல்கிறார். ஒருவன் வயிற்றைச் சுற்றிச் செப்புத் தகடு கட்டிக்கொண்டு அலைந்தானாம், தன்னிடம் இருக்கிற அறிவெல்லாம் வயிற்றை வெடித்துக்கொண்டு வந்துவிடும் என்ற பயத்தில். எனக்கு அந்தப் பயம் இல்லை என்கிறார் நேரு.

அது அவருக்கு முதல் முயற்சி இல்லை. இரண்டு வருடம் முன்பு, 1928 கோடையில், இந்திரா முசோரியில் இருந்தபோது அலகாபாத்திலிருந்து கடிதம் கடிதமாக எழுதினார். அப்போது அவளுக்குப் பத்து வயது, சரியான பெதும்பை. பூமி எப்படி உண்டாயிற்று, பாறையைப் பார்த்துப் பழைய காலத்தை எப்படித் தெரிந்துகொள்வது, மனிதன் எப்படிப் பேசக் கற்றான் என்றெல்லாம் எழுதியவை. அடுத்த வருடம் அது புத்தகமாயிற்று. சிறையில் தொடங்கிய வரிசை 1933 ஆகஸ்ட் வரை நீண்டு 196 கடிதங்களாகி, ‘உலக சரித்திரம்’ என்று நாம் தமிழிலும் படித்த பெரிய புத்தகம் ஆயிற்று. பிறந்தநாள் பரிசு ஒன்று தலையணை அளவுக்கு வளர்ந்தது உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்களுக்கு முகூர்த்தம் தேடி எல்லை தாண்டிக்கொண்டிருந்த அதே ஆண்டில், ஒரு தகப்பன் அந்த வயதுப் பெண்ணுக்கு உலகத்தைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த முதல் கடிதத்தில் ஒரு புத்திமதி உண்டு. மறைத்துச் செய்யவேண்டிய காரியம் எதையும் செய்யாதே, ஒளிக்கத் தோன்றினாலே உள்ளே பயம் இருக்கிறது என்று அர்த்தம், என்கிறார். அருமையான வார்த்தை. அந்தப் பெண் வளர்ந்து பிரதமராகி 1975 ஜூனில் பத்திரிகைகளுக்குத் தணிக்கை போட்டபோது, அலுவலகத்தில் நாங்கள் குரலைத் தாழ்த்தித்தான் செய்தி பேசிக்கொண்டோம். கொடுத்த பரிசை வாங்கியவர் எப்படிப் பயன்படுத்துவார் என்பது கொடுத்தவர் கையில் இல்லை.

இதற்கு நல்ல விதமான சாட்சியும் உண்டு. பம்பாயில் தாய் தகப்பன் இல்லாத ஒரு பையனுக்கு அவன் தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜி ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். பையனுக்குச் சுமார் பத்து வயது. எந்தத் தாயும் சம்மதிக்காத பரிசு. அவன் சிட்டுக்குருவி சிட்டுக்குருவியாகச் சுட்டுத் தள்ளினான். ஒரு நாள் விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவைக் கேட்டான். அவருக்குத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்து அனுப்பினார். மில்லார்ட் பாடம் செய்த பறவைகள் நிறைந்த அலமாரிகளைத் திறந்து காட்டினார். அந்தப் பையன்தான் சாலிம் அலி. பரிசு என்று எதைச் சொல்வது? துப்பாக்கியையா, தெரியாது என்று ஒப்புக்கொண்டு மாமா எழுதிக் கொடுத்த கடிதத்தையா? அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லிக்கு 1946இல் பதினோராவது பிறந்தநாள் வந்தபோது அவனும் துப்பாக்கிதான் கேட்டான் என்பார்கள், சைக்கிள் என்பாரும் உண்டு. அவன் அம்மா கிதார் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தாள். இங்கே கும்பகோணத்தில் ராமானுஜன் என்ற சிறுவனுக்குக் கிடைத்தது பரிசுகூட இல்லை, லோனி எழுதிய திரிகோணமிதிப் புத்தகம், அதுவும் இரவல். பதின்மூன்று வயதுக்குள் அதைக் கரைத்துக் குடித்துவிட்டான்.

என் கதைக்கு வருகிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு. என் மகனுடைய பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு நான் பெத்தி லாரூஸ் அகராதி வாங்கிக் கொடுத்தேன். கனமான புத்தகம், வண்ணப் படங்கள், கொடிகளின் பக்கம், எல்லாம் இருக்கும். பள்ளியில் வருடக் கடைசியில் நடக்கும் பரிசளிப்பு விழாவில் எனக்கு அந்தப் புத்தகம் கிடைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒவ்வொரு வருடமும் வேறொருவனுக்குப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். மகன் கேட்டது கிரிக்கெட் மட்டை. "மட்டை ஒரு வருடத்தில் உடைந்துபோகும், இது ஆயுசுக்கும் வரும்" என்றேன். நான் சொன்னபடியே ஆயுசுக்கும் வந்திருக்கிறது. இப்போது என் மேஜையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் என் கையெழுத்து. அதற்குப் பிறகு ஒரு பக்கத்திலும் அவன் விரல் பட்ட அடையாளம் இல்லை. அவன் அன்று அழவில்லை, "தேங்க்ஸ்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அழுதிருந்தால் நான் மட்டையும் வாங்கியிருப்பேன்.

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த மாதிரிதான். மயில் அதைப் போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தும் கொடுத்தான், அதுதான் அவன் வள்ளன்மை என்று பரணர் பாராட்டுகிறார். எனக்கு இதில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. மயில் குளிரில் நடுங்கியதா, பேகன் நடுங்கினானா? நம் மலை வல்வில் ஓரி இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். வன்பரணர் பாட்டில், காட்டில் களைத்துப் பசித்து வந்த பாணர்கூட்டத்துக்கு அவன் முதலில் கொடுப்பது மான்கறியும் தேறலும். அவர்கள் உண்ட பிறகுதான் மலையில் கிடைத்த பொன்னும் மணியும் வருகிறது. அந்த வரிசையை நான் அப்போது யோசித்திருக்கவேண்டும். அந்த ஓரியைக் காரி கொன்று, கொல்லி மலையையே தூக்கிச் சேரனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டான் என்பது வேறு கதை. நாம் உட்கார்ந்திருக்கிற இடமே ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த பரிசுதான்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925 வாக்கில் பரிசைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். எந்தச் சமூகத்திலும் பரிசு இலவசம் இல்லை, கொடுக்கக் கடமை, வாங்கிக்கொள்ளக் கடமை, திருப்பிக் கொடுக்கக் கடமை என்பது அவர் கண்டுபிடிப்பு. மொய் நோட்டு எழுதுகிற நமக்கு இதை ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து சொல்லவேண்டியதில்லை. நானே எத்தனையோ கல்யாணங்களில் மொய் எழுதியிருக்கிறேன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கூப்பிடுவார்கள். அந்த நோட்டில் வராத ஒரே பரிசு குழந்தைக்குக் கொடுப்பது என்று நினைத்திருந்தேன். லாரூஸ் விஷயத்தில் நான் மகனிடமிருந்து ஒன்று எதிர்பார்த்துத்தான் கொடுத்தேன் என்று இப்போது தெரிகிறது.

ஒரு குமாஸ்தாவாக எனக்கு மிகவும் பிடித்த பிறந்தநாள் பரிசு ஒன்று உண்டு. ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் சமோவாத் தீவில் கடைசிக் காலத்தைக் கழித்தார். அங்கே பழகிய அமெரிக்க அதிகாரி ஐட் என்பவரின் மகள் ஆனி பிறந்தது கிறிஸ்துமஸ் அன்று. அதனால் அவளுக்குத் தனியாகப் பிறந்தநாள் கொண்டாட்டமும் இல்லை, தனிப் பரிசும் இல்லை. இதைக் கேட்ட ஸ்டீவன்சன் 1891 ஜூன் 19ஆம் தேதி ஒரு பத்திரம் எழுதினார். எனக்கு வயதாகிவிட்டது, பிறந்தநாளால் எனக்கு இனி உபயோகமில்லை, ஆகவே நவம்பர் 13ஆம் தேதியாகிய என் பிறந்தநாளைச் சகல உரிமைகளோடும் அவளுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று, சாட்சிக் கையெழுத்தோடு. அவர் வக்கீல் படிப்புப் படித்தவர், ஷரத்தெல்லாம் கச்சிதமாக இருக்கும். அவள் சரியாகக் கொண்டாடாவிட்டால் பிறந்தநாள் அமெரிக்க ஜனாதிபதியைச் சேரும் என்றும் ஒரு ஷரத்து! முத்திரைத்தாள் வாங்கி நானும் ஒன்று எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் பூரட்டாதியை வைத்துக்கொண்டு பேத்தி என்ன செய்வாள்?

கடைசியில் செய்யவேண்டியதைச் செய்தேன். அவளையே கேட்டேன். 1949இல் போரில் யானைகளை இழந்த தோக்கியோ நகரத்துப் பிள்ளைகள் நேருவுக்கு எழுதி, எங்களுக்கு ஒரு யானை வேண்டும் என்று கேட்டார்கள். நேருவும் மைசூர்ப் பக்கத்து யானை ஒன்றைத் தன் மகள் பெயரையே வைத்து அனுப்பினார். கேட்டால் என்ன வேண்டும் என்று சொல்லிவிடும் வயதுதான். போன் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன், மாட்டேன் என்று சொல்லப் பத்துக் காரணம் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவள் கேட்டது என் கட்டிலுக்குக் கீழே கிடக்கும் தகரப் பெட்டியை. உத்தியோகத்தில் சேர்ந்த வருடம் நான் வாங்கியது, பச்சைப் பெயின்ட் அடித்தது, பூட்டும் சாவியும் உள்ளது. "அதில் என்ன வைக்கப் போறே?" என்றேன். "வைக்கணும்" என்றாள். அவ்வளவுதான் பதில். மறைப்பதைப் பற்றி நேரு சொன்னது மனதில் வந்தது. கூடவே ஆம்ஸ்டர்டாமில் 1942 ஜூன் 12ஆம் தேதி பதின்மூன்று வயது நிறைந்த ஆன் ஃபிராங்க் என்ற பெண்ணும் வந்தாள். சில நாள் முன்பு கடையில் அவளே கைகாட்டிய, சிவப்புக் கட்டம் போட்ட நோட்டைத் தகப்பன் வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் அந்தக் குடும்பமே ஒளிந்து வாழவேண்டியதாயிற்று. அவள் யாருக்கும் காட்டாமல் அந்த நோட்டில் எழுதினாள்.

பெட்டியைக் காலி செய்தேன். பழைய சம்பளச் சீட்டு, மாற்றல் உத்தரவு, என் மனைவி எழுதிய நாலு கடிதம். கடிதத்தை மட்டும் எடுத்து லாரூஸுக்குள் வைத்துக்கொண்டேன். கீலுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து, அடியில் புதுக் காகிதம் விரித்திருக்கிறேன். பேத்தி வந்து பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தாள். வளையத்தில் இரண்டு சாவி தொங்குவதைக் கவனித்துவிட்டாள்.

"தாத்தா, இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கும்?"

இரண்டையும் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். கார்த்திகை வர இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, அதுவரை பொறுக்கமாட்டாள் போலிருக்கிறது.